எண்பது பாகைக்குக் கிழக்கே

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் தூரந்தான். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்தால் கடல் வந்துவிடும். ஆனால் இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போ ஷீட் கணக்கில் இந்த இரண்டு ஊரும் வேறு வேறு தொகுதி. செங்கல்பட்டு 57-பி/14. மாமல்லபுரம் 66-டி/2. தீர்க்கரேகை 76 பாகையில் தொடங்கும் 57ஆம் தொகுதி 80 பாகையில் முடிகிறது, அங்கிருந்து 66. அந்த 80 பாகைக் கோடு செங்கல்பட்டு நகரத்துக்குக் கிழக்கே ஓரிரு கிலோமீட்டரில் தெற்கு வடக்காக ஓடுகிறது. ஊர் ஒரு தாளின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடலைப் பார்க்கப் புறப்படுகிறவன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதுமே அடுத்த தாளை விரிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பழைய தாள்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும்: சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80 பாகை 17 கலை 21 விகலை என்று வைத்து இந்தப் படம் வரையப்பட்டது, அதன் சரியான மதிப்பு 80 பாகை 14 கலை 54 விகலை, ஆகவே எல்லா இடத்திலும் 2 கலை 27 விகலையைக் கழித்துக்கொள்க. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த அந்த வானாய்வகத்தை ஆதாரமாக வைத்துத்தான் இந்தியா முழுவதன் தீர்க்கரேகைகளும் கணக்கிடப்பட்டன. பின்னால் தந்திக் கம்பி வழியே நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது நாடே கிழக்கே நகர்ந்திருப்பது தெரிந்தது. நம் பக்கத்தில் 2 கலை 27 விகலை என்பது ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர். அதாவது பழைய படத்தில் 80 பாகைக் கோடு செங்கல்பட்டுக்கு மேற்கே விழும். திருத்திய படத்தில் கிழக்கே. கோட்டையும் ஏரியும் ரயிலடியும் இருந்த இடத்திலேயே இருக்க, கோடு மட்டும் ஊரைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது.

இப்படிப்பட்ட கோடுகளின் கதை தொடங்கிய இடம் பரங்கிமலை. அன்று அது செங்கல்பட்டுச் சீமை. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்த மலையடியில் எஃகுச் சங்கிலியை நீட்டினார். நூறு அடிச் சங்கிலி. லண்டனில் ராம்ஸ்டன் பட்டறையில் செய்தது; மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அங்கே விலைபோகாமல் கல்கத்தாவுக்கு வந்து, கடைசியில் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அதை மரப் பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளில் தாங்கி, வெயில் படாமல் கூடாரம் பிடித்து, வெப்பமானி வைத்து, தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் அளந்தார்கள். நாற்பதாயிரம் அடி, நானூறு தடவை. மே 22இல் முடிந்தது. இன்றைக்கு அந்தக் கோடு போன தடத்தில் மேடவாக்கம் அடுக்கு மாடிகளையும் பள்ளிக்கரணைச் சதுப்பின் மிச்சத்தையும் பார்க்கலாம். சித்திரை வெயிலில் வெட்டவெளியில் சங்கிலி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நம்மூர் ஆட்கள். அவர்கள் பெயர் ஒன்றும் மலைமேல் இல்லை. லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது.

சங்கிலி அளந்தது அடிக்கோட்டை மட்டும். மற்றதெல்லாம் முக்கோணக் கணக்கு. ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு மூலைகளின் கோணமும் தெரிந்தால் மூன்றாவது புள்ளியை நடந்து போய் அளக்க வேண்டாம். அதற்குக் கோணம் அளக்கும் கருவி வேண்டும். லண்டனில் கேரி செய்த தியோடலைட் அரை டன் எடை. அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். என்ன பொருள் என்று தெரிந்ததும், பகை வேறு விஞ்ஞானம் வேறு என்று அந்தத் தீவின் ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். இக்காலத்தில் நடக்கக்கூடிய காரியமில்லை.

தியோடலைட்டுக்கு உயரம் வேண்டும். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பரங்கிமலை, பெரும்பாக்கம், மதுராந்தகம் பக்கத்தில் கருங்குழி, இன்னும் தெற்கே பெருமுக்கல் என்று குன்று குன்றாகத் தாவி லாம்டன் கடலூர்வரை போனார். குன்றில்லாத காவிரிப் பக்கத்தில் கோயில் கோபுரங்களே குன்று. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து தியோடலைட் சுவரில் மோதி நசுங்கியதும், அதை அவரே உட்கார்ந்து சரிசெய்ததும் அளவைத் துறையார் இன்றும் சொல்லும் கதை.

இவ்வளவும் சொல்லக் காரணம், நம் நாட்டின் நிலப்படம் உயரத்திலிருந்து உயரத்தைப் பார்த்து வளர்ந்த படம். லடாக்கில் லே நகரத்தின் தாளை எடுத்துப் பாருங்கள். ஊரே கடல் மட்டத்துக்கு மேல் 3,500 மீட்டரில் இருக்கிறது. சுற்றிலும் மரமில்லாத மலை, இடுக்கு, சிந்து நதி அறுத்த பள்ளத்தாக்கு. பழுப்பு நிறச் சம உயரக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு தாள் முழுவதும் கிடக்கும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்த இடுக்கில் இறங்கலாம், எங்கே இறங்கினால் திரும்ப முடியாது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

66-டி/2 வேறு மாதிரி. ஒரு சென்டிமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர் என்ற அளவில் வரைந்த தாள் இது. சம உயரக் கோடுகளுக்கு வழக்கமான இடைவெளி 20 மீட்டர். திருக்கழுக்குன்றத்து மலையைச் சுற்றிச் சில வளையங்கள். மாமல்லபுரத்துப் பாறைக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தேறாது. மற்றபடி பழுப்பு அருகிப்போய், தாள் நிறைய நீலம். ஏரி, ஏரி, தாங்கல், சித்தேரி, வரத்துக் கால்வாய், மறுபடி ஏரி. அதற்குக் கிழக்கே நூல் பிடித்தாற்போல் பக்கிங்காம் கால்வாய். அப்புறம் கடல். இருபது மீட்டரை ஒரே மூச்சில் தாண்டும் படத்துக்கு, ஓரடி ஈரடி வித்தியாசத்தில் வாழும் ஊர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கார்த்திகை மழையில் எந்தத் தெருவில் தண்ணீர் புகும், எந்தத் தெரு தப்பும் என்பதெல்லாம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் காகிதத்தில் நடக்கிறது.

அந்த வெள்ளைக் காகிதத்தில் பயணம் போவதென்றுதான் கிளம்பினேன். ரயிலில் பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி விரிகிறது. செங்கல்பட்டுக் கோட்டையை விஜயநகரத்தார் கட்டியதே நீரையும் சதுப்பையும் காவலாக நம்பித்தான். 1752இல் கிளைவ் பிடித்தார். பிறகு ரயில் பாதையைக் கோட்டைக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். எதிரி பீரங்கி செய்யாத வேலை. 

திருக்கழுக்குன்றம் சாலையில் ஓர் ஏரிக்கரையில் இறங்கிக்கொண்டேன். மழைக்காலம் முடியும் நேரம், நிறைந்த நீர். ஏரியில் தண்ணீர் நிற்கும்போது அதன் விளிம்பு அச்சு அசலான சம உயரக் கோடு. எந்த வரைபடக்காரனும் இவ்வளவு சுத்தமாக வரைய முடியாது. நிலத்தின் சரிவு பார்த்து, மேற்கே திறந்து கிழக்கே மூடி, பிறை வடிவில் கரை போட்டவர்கள் கையில் தியோடலைட் இல்லை. ஓடுகிற மழைநீரைப் பார்த்தே மட்டம் பிடித்தார்கள். மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்கு வரத்து. அது நிறைந்தால் அதற்கும் கீழே. இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கடல்வரை இறங்கும் ஏரிச் சங்கிலிதான் தொண்டை மண்டலத்தின் உயர அளவை. பல்லவர் காலந்தொட்டு மண்ணிலேயே வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நான் போனையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “இன்னா தம்பி, சர்வேயா? யாரு நெலம்?” என்றார். நிலம் அளக்க வரவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய அப்பா அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாம். மதகு திறப்பது, மூடுவது, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது. அறுவடையில் அவருக்குக் களத்துமேட்டில் நெல் அளப்பார்கள். “அதோ அந்தாண்ட மூணு பனமரம் தெரியுதா? நடு மரத்து அடியத் தண்ணி தொட்டா மறுநாள் கலங்கல் போவும். தொடலன்னா கீழூருக்காரன் வந்து எங்கப்பாகிட்ட சண்ட போட்டாலும் ஒரு சொட்டு போவாது” என்றார். இப்போது யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். “பனமரம் பாத்துக்கிது” என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார்.

போனைத் திறந்து அந்தப் பனை மரத்தடியின் உயரத்தைப் பார்த்தேன். செயலி ஓர் எண்ணைக் காட்டியது, நாலடி நகர்ந்தால் வேறோர் எண். செயற்கைக்கோள் காட்டும் உயரத்தில் சில மீட்டர் பிசகுவது இயல்பு. இங்கே அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் அறிந்த பூமி வழவழப்பான ஒரு கணித உருண்டை. நிஜக் கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது; கணித உருண்டைக்கு 106 மீட்டர் கீழே. அதன் சரிவில்தான் நம் கடற்கரை கிடக்கிறது. எந்தத் திருத்தமும் செய்யாத ஜிபிஎஸ் கருவியோடு மாமல்லபுரத்து அலையில் கால் நனைத்தால், நீங்கள் கடலுக்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பதாக அது சொல்லும். திருத்தம் போட்ட பிறகுதான் பூஜ்யத்துக்கு வரும். லே போன்ற ஊரில் சில மீட்டர் போனால் போகிறது. இங்கே பனை மரத்தடிக்கும் அடுத்த வரப்புக்கும் இடையில் இருப்பதே அரை அடி.

நீர்க்கட்டியின் கணக்கு எழுதப்படாத கணக்கென்று நினைத்துவிடக் கூடாது. 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கும்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அதை அளந்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்கள். ஒவ்வொன்றிலும் நஞ்சை எத்தனை காணி, புஞ்சை எத்தனை, ஏரியும் தாங்கலும் எவ்வளவு நிலத்தில், தோப்பு, உப்பளம், வீடுகள், யார் யார் குடியிருந்தார்கள், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் பதிவாகியிருக்கின்றன. இந்தக் கணக்குகளுக்கு மூலமான ஊர்க் கணக்கர்களின் சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. காந்தியர் தரம்பால் இவற்றின் அருமையை எடுத்துச் சொன்ன பிறகுதான் அறிஞர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பர்னார்டின் அளவையில் உயரமில்லை, லாம்டனின் அளவையில் ஊரில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் படம் ஒன்று வந்திருந்தால் இந்தச் சீமையின் தண்ணீர்ச் சண்டைகளில் பாதி குறைந்திருக்கும் என்பது என் கட்சி.

திருக்கழுக்குன்றத்தில் இப்போது கழுகு வருவதில்லை, படிகள் இருக்கின்றன. ஏறி இளைப்பாறினால் தாள் அப்படியே கண்முன் விரிகிறது. மேற்கே செங்கல்பட்டுப் பக்கத்துக் கரடுகள், கீழே சங்குதீர்த்தம், கிழக்கே வெயிலில் பளபளக்கும் நீர்த் துண்டுகள், அப்புறம் ஒரு கருநீலக் கோடு. இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை. அதன் கல்லில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் தங்கள் பெயர்களைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். காதலர் பெயர் செதுக்கும் பழக்கத்துக்கு வெளிநாட்டு மூதாதையரும் உண்டு.

மலையிலிருந்து கிழக்கே சரிவு என்று சொல்ல ஒன்றும் தெரியாது. ஆனாலும் நிலம் சரிந்துகொண்டேதான் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். மேற்கிலிருந்து ஏரி ஏரியாக வழிந்து வரும் நீர் நேரே கடலுக்குப் போக முடியாது. கடலோரம் மணல்மேடு நீளமாக மறித்துக் கிடக்கிறது. அதன் முதுகில்தான் ஊர்களும் கிழக்குக் கடற்கரைச் சாலையும். மேட்டுக்குப் பின்னால் தேங்கும் நீர் கால்வாயில் கலந்து, வடக்கே முட்டுக்காட்டிலோ தெற்கே பாலாற்று முகத்துவாரத்திலோ வழி தேட வேண்டும். கால்வாயைப் படகுப் போக்குவரத்துக்காகத்தான் வெட்டினார்கள். 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக நீட்டி, ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். இன்று படகு இல்லை. வெள்ளத்துக்கு அது வடிகால். முகத்துவாரம் மணல் மூடிக்கிடந்தால் அதுவும் இல்லை.

மாமல்லபுரத்தில் எல்லோரும் நிற்கும் அர்ச்சுனன் தபசுப் பாறை முன்னால் நானும் நின்றேன். இந்தக் கடற்கரையில் பள்ளத்தாக்கு என்று சொல்ல ஏதாவது உண்டென்றால் அது இந்தப் பாறையின் நடுவில் இருக்கும் இயற்கைப் பிளவுதான். பல்லவச் சிற்பி அதை மூடவில்லை. அதில் நாகங்களை நீந்தவிட்டு, கங்கை இறங்கும் வழியாக ஆக்கினான். மேலே தொட்டி கட்டித் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்பதற்குப் பாறை உச்சியில் அடையாளம் இருக்கிறது. இமயத்திலிருந்து சமவெளிக்கு நீர் எப்படி இறங்குகிறது என்பதை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நூறடிக்குச் சற்றுக் குறைந்த கல்லில் காட்டியிருக்கிறார்கள். இதைவிடச் சிறந்த நிலத்தோற்றப் படம் நான் பார்த்ததில்லை, அளவுகோல்தான் போடவில்லை.

குன்றின்மேல் உலக்கண்ணேஸ்வரர் கோயில். 1887இல் அதன் கூரையில்தான் விளக்கேற்றிக் கப்பலுக்கு வழி காட்டினார்கள். பக்கத்தில் இருக்கும் கருங்கல் கலங்கரை விளக்கம் 1904 முதல் எரிகிறது. பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2011இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் கல்பாக்கம் அணுமின் நிலையம். ஒருகாலத்தில் அதனாலேயே இங்கே கேமரா தூக்கக் கூடாது.

கேமரா என்ன, படமே கூடாது. கடற்கரையிலிருந்தும் நில எல்லையிலிருந்தும் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்குள் அடங்கும் டோப்போ தாள்களைப் பாதுகாப்புக் காரணம் சொல்லிப் பல பத்தாண்டுகள் பொதுமக்கள் கண்ணில் காட்டவில்லை. செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். இந்த ஊர்க் கல்லூரியில் நிலவியல் படித்த பிள்ளைகள் மத்தியப் பிரதேசத்துத் தாளை வைத்துக்கொண்டு பாடம் படித்தால் ஆச்சரியப்படாதீர்கள். சொந்த ஊரின் தாளுக்கு அனுமதிக் கடிதம் வேண்டும். 2005இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து, ராணுவத்துக்கு ஒரு வரிசை, மக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். புதிய மக்கள் வரிசையின் எண் முறையில் செங்கல்பட்டும் மாமல்லபுரமும் டி-44 என்ற ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டன. 80 பாகைச் சண்டை தீர்ந்தது. 2021 பிப்ரவரி 15ஆம் தேதி அறிவிப்போடு தனியாரும் அனுமதி கேட்காமல் நிலத்தை அளந்து படம் போடலாம் என்றாயிற்று. கடற்கரைக்கு நியாயம் கிடைக்க இவ்வளவு காலம். அதற்குள் செயற்கைக்கோள் படங்களை உலகமே கைப்பேசியில் பார்க்கத் தொடங்கியிருந்தது.

இரண்டு மூன்று மீட்டர் உயரம் இங்கே என்னவெல்லாம் செய்யும் என்பதை 2004 டிசம்பர் 26 சுனாமி காட்டியது. மணல்மேடு இருந்த இடமும் இல்லாத இடமும் ஒரே கதியை அடையவில்லை. கடல் பின்வாங்கியபோது கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் கற்கள் தெரிந்தன. ஏழு கோயில்கள் என்று மாலுமிகள் சொல்லிவந்த பழங்கதைக்கு மறுபடி உயிர் வந்தது. எனக்குப் பிடித்தது வடக்கே சாளுவன்குப்பத்தில் நடந்தது. அலை மணலைக் கழுவிய பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. அதில் சொன்ன முருகன் கோயிலைத் தேடித் தொல்லியல் துறையினர் தோண்ட, பல்லவர் காலத்துக் கருங்கல் தளத்துக்கும் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. ஒரு காலத்தில் மக்கள் நடந்து வந்து கும்பிட்ட தரைமட்டம் இன்றைய மணலுக்குள் பல அடி கீழே. இங்கே மணலும் கடலும் சேர்ந்து நிலத்தின் உயரத்தையே மாற்றிவைத்திருக்கின்றன. 

தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையின் செங்கல் மதிலோரம் கடைசியாக நின்றேன். லாம்டன் தம் முதல் வேலையின் முடிவை வெளியிட்டபோது, பூமியின் ஒரு பாகை நீளத்தை வட அட்சரேகை 12 பாகை 32 கலையில் கணக்கிட்டதாகத் தலைப்பிலேயே எழுதினார். 60,494 ஃபாதம், அதாவது ஏறத்தாழ 68.7 மைல், ஒரு ஃபாதம் ஆறடி. அந்த 12 பாகை 32 கலைக் கோடு கருங்குழிப் பக்கத்திலிருந்து கிழக்கே வந்து, இந்தக் கோட்டையை ஒட்டித்தான் கடலில் இறங்குகிறது. பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்கத் தோதான அளவுக்கு இந்த மண்ணை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அளந்துவிட்டார்கள். மழைநீர் எந்த வரப்பில் திரும்பும் என்று சொல்லும் அளவுக்கு அளந்த படம் ஊராட்சி அலுவலகச் சுவரில் இல்லை.

2019 நவம்பர் 29இல் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. ட்ரோனும் லேசர் அளவையும் கைக்கெட்டும் காலம்; தடை உத்தரவும் போய்விட்டது. ஒவ்வோர் ஏரிக்கும் அதன் நீர்பிடிப்பு, வரத்துக் கால்வாய், கலங்கல் மட்டம் மூன்றையும் அரை மீட்டர் இடைவெளியில் வரைந்து, தமிழில் பெயர் எழுதி, ஊராட்சிதோறும் மாட்டிவைப்பது மாவட்ட நிர்வாகத்தால் முடியாத வேலை அல்ல. மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வருகிறவர் அந்தப் படத்தின் முன்னால் நின்று பேசட்டும். நீர்க்கட்டிகளின் பிள்ளைகள் இருக்கும்போதே, பனை மரத்தடிகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு அதைச் செய்யுங்கள்.